பழம் விடாத கா

சின்ன வயசுல "கா" விடாத ஆள் இருக்க முடியாது. காலையில சண்டை போட்டு கா விட்டா, சாயங்காலம் மாங்காய் திங்கிறப்போ பழம் விட்டுடுவோம். பெரியவங்க நடுவுல வரவே வேண்டாம். ஆனா பழமே விடாத கா ஒண்ணு இருக்கு. ஒருத்தியை மட்டும் தனியா நிறுத்தி, மத்தவங்க எல்லாரும் சேர்ந்து மாசக்கணக்கா விடுற கா. பொம்பளப் புள்ளைங்களுக்குள்ள நடக்கிற கொடுமை பெரும்பாலும் இப்படித்தான். அடி கிடையாது, ரத்தம் கிடையாது. அதனால நம்ம கண்ணுல படுறதும் கிடையாது.

எங்க பக்கம் மரவள்ளி பிடுங்க கல்வராயன் மலையிலேர்ந்து ஆளுங்க வருவாங்க. மலையாளின்னு சொல்லுவோம். கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லை, மலைவாழ் பழங்குடி மக்கள், தமிழ்தான் பேசுறாங்க. அதுல ஒரு குடும்பம் பல வருஷமா எனக்குப் பழக்கம். மூத்த பொண்ணை எட்டாவது வரைக்கும் மலையிலேயே படிக்க வச்சு, ஒன்பதாவதுக்குக் கீழ ஒரு ஸ்கூல்ல சேர்த்து ஹாஸ்டல்ல விட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு அவங்கப்பா வந்தார். "அண்ணே, புள்ள ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. கேட்டா வாயே திறக்கல"ன்னார்.

என் வீட்டுக்காரிகிட்டதான் அது கொஞ்சம் கொஞ்சமா சொல்லிச்சு. சாப்பிட உட்கார்ந்தா பக்கத்துல இருக்கிறவ தட்டோட எழுந்து போவாளாம். அது பேசுறதை ராகம் போட்டுப் பேசிக் காட்டுவாங்களாம். பேரைச் சொல்லி யாரும் கூப்பிடறதில்லை. வச்ச பேரு "சாராயம்".

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தது உங்களுக்கும் தெரியும். அந்த உயிர்களைக் குடிச்சது ஆலைக்குப் போற மெத்தனால். ஆனா டீக்கடைப் பேச்சுல பழி மலை மேல ஏறிச்சு. அந்தப் பேச்சைக் கேட்ட புள்ளைங்க அதையே ஸ்கூலுக்குக் கொண்டு போச்சு. பதினாலு வயசுப் புள்ளைக்கு இந்த வார்த்தை தானா முளைக்கலை.

ஹாஸ்டல்ல கேட்டதுக்கு, "பொம்பளப் புள்ளைங்க சண்டை, ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு பதில் வந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு மாணவனைக் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினப்போ நாடே பதறிச்சு, அரசு நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டுச்சு. அருவா எடுத்தா நியூஸ். தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போனா யாரு கேக்குறா?

ஆனா அதுவும் உயிரை எடுக்கும். மும்பையில பாயல் தட்வின்னு ஒரு டாக்டர், தட்வி பில் பழங்குடிப் பொண்ணு, வயசு 26. 2019 மே 22 அன்னைக்கு உயிரை விட்டுட்டாங்க. இடஒதுக்கீட்டுல வந்தவன்னு கேலி செஞ்சாங்க, ஆபரேஷன் தியேட்டர்ல ஒதுக்கினாங்கன்னு மூணு சீனியர் லேடி டாக்டருங்க மேல குடும்பம் புகார் குடுத்துச்சு. மூணு பேரும் கைதாகி, குற்றப்பத்திரிகையும் போட்டாங்க. டாக்டருக்குப் படிச்ச பொண்ணுக்கே இந்த நிலைன்னா, ஒன்பதாவது படிக்கிற புள்ள எம்மாத்திரம்?

மலையில ஒரு பொண்ணு படிப்பை நிறுத்தினா அடுத்தது கல்யாணப் பேச்சுதான். அதனால அவங்கப்பாவும் நானும் கிளாஸ் டீச்சரைப் போய்ப் பார்த்தோம். அந்தம்மா யாரையும் அடிக்கலை, திட்டலை. பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்னு கண்டிப்பா சொன்னாங்க, சாப்பிடுற வரிசையை மாத்தினாங்க. ஒரே ஒரு புள்ள பக்கத்துல உட்கார ஆரம்பிச்சுது. பட்டப்பேரு முழுசா ஒழியலை. ஆனா இது பத்தாவது எழுதப் போகுது.

நவரசு கொலைக்கு அப்புறம் 1997ல வந்த நம்ம தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டத்துல, கேலி பண்றதும் வெட்கப்பட வைக்கிறதும் கூட ராகிங்தான். ஸ்கூல்ல கேக்கலைன்னா 14417 இருக்கு, 1098 இருக்கு. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி விஷயம் நமக்குத் தெரியணுமே. டவுன்ல இருக்கிற நீங்க, புள்ள வந்ததும் எத்தனை மார்க்குன்னு கேப்பீங்க. கூடவே, "இன்னைக்கு யாரு கூட உட்கார்ந்து சாப்பிட்ட?"ன்னும் கேளுங்க. அப்படியே, "தனியா சாப்பிட்டது யாரு?"ன்னும் கேளுங்க.