முன்னும் பின்னும்

பழைய மரச்சாமான் ஒன்று கைக்கு வந்தால் அதை வந்தபடி என்னால் விட முடியாது. தேய்ப்பேன், சுரண்டுவேன், வண்ணம் அடிப்பேன். கைவிடப்பட்ட சாமான்களுக்கு நான் செய்யும் தொண்டு இது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையைச் சொன்னால், நல்ல சாமான்கள் பலவற்றைக் கெடுத்திருக்கிறேன். கெடுத்ததற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

பாராட்டு என்பது உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் வருவது. இடப்பக்கம் தூசி படிந்த பெட்டி, வலப்பக்கம் பளபளக்கும் பெட்டி. இந்த இரட்டைப் படத்துக்குக் கீழே வரிசையாக வந்து விழும் கைதட்டல் பொம்மைகளுக்காகத்தான் அத்தனையும் செய்தேன் என்பதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று. ஒரு பழைய பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, ஆடுகிற மூட்டை இறுக்கி, மெழுகு தேய்த்து வைத்தால் அதன் முன்படத்துக்கும் பின்படத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரியாத படத்துக்கு யார் கைதட்டுவார்கள்? ஆகவே வித்தியாசம் தெரிகிற வேலையாகப் பார்த்துச் செய்தேன். இந்தச் சாமானுக்கு என்ன தேவை என்று நான் யோசித்ததே இல்லை. எது படத்தில் எடுபடும் என்பதுதான் கணக்கு.

ஒரு கணக்குப்பெட்டியில் ஆரம்பிக்கிறேன். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகள் இருப்பது பலருக்கும் தெரியும். அங்கே விலைபோகிற அளவுக்கு இது தேறாது என்று, அந்த வட்டாரத்தில் இடித்த ஒரு வீட்டின் வாசலில் ஒதுக்கிப் போட்டிருந்த பெட்டி அது. தரையில் சம்மணமிட்டு எழுதுவதற்கேற்ற சரிவான மூடி. தூக்கினால் உள்ளே காசு போட, பேனா வைக்க, சீட்டுகள் செருகச் சின்னச் சின்ன அறைகள். மரம் தேக்கு. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்தது ஊரறிந்த கதை. 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வரத்து அறுந்தது. இந்தப் பெட்டி அதற்கு முந்தியது என்பது என் ஊகம். ஊகமாகவே அது நிற்க வேண்டியதுதான். சாட்சி சொல்லியிருக்கக்கூடிய ஒன்றை நானே அழித்துவிட்டேன்.

மூடியின் உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. தமிழ் எண்களில் கூட்டல் கணக்குகள், பக்கத்தில் பாதி மங்கிய பெயர்கள், ஒரு மூலையில் தேதி போல ஏதோ. அன்றைக்கு என் கண்ணுக்கு அது வெறும் அழுக்கு. சொரசொரப்பான உப்புத்தாளை சாண்டிங் மிஷினில் மாட்டி ஓட்டினேன். எழுத்து போயிற்று, மைக்கறை போயிற்று, கணக்கு எழுதியவரின் முழங்கை பட்டுப்பட்டு வழுவழுத்திருந்த இடமும் போயிற்று. தேக்கின் பழுத்த நிறம் மேல்பரப்பில் மட்டும் இருப்பது. பல பத்தாண்டுகள் காற்றும் வெளிச்சமும் பட்டு ஏறிய நிறம் அது. அதற்குக் கீழே இருப்பது நேற்று அறுத்த பலகையின் வெளிறல். அந்த வெளிறலைப் படம் எடுத்து, ‘அசல் மரம் வெளியே வந்துவிட்டது’ என்று எழுதிப் போட்டேன். பிறகொரு நாள், முன்படத்திலாவது அந்த எழுத்து இருக்குமே என்று தேடிப் பார்த்தேன். மூடியை மூடி வைத்துப் படம் எடுத்திருக்கிறேன்.

சொல்லித்தர ஆளில்லாமல் கெட்டேன் என்றும் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி, பெட்டி வந்த அன்றே அதைப் பார்த்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையைத் தொட்டார். பஞ்சு பழுப்பாயிற்று. “அரக்குப் பாலிஷ் தம்பி. ஸ்பிரிட் பட்டா எளகும், திரும்ப அதுவே ஒக்காந்துக்கும். உப்புத்தாளே வேணாம், தொடச்சு வச்சாப் போதும்” என்றார்.

அவர் சொன்னது சரி. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சுப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதுதான் பழைய பிரெஞ்சு பாலிஷ். அது மங்கினாலும் கீறினாலும் மரத்தைத் தொடாமலே சரிசெய்யலாம். சூடான காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையத்தைக்கூட, ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும். “சரிண்ணே” என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மிஷினை எடுத்தேன். வேலை முடிந்தபின் அவர் ஒருமுறை வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். “கடையில புதுசாவே வாங்கியிருக்கலாமே தம்பி” என்றார். பட்டறைக்காரருக்குப் பொறாமை என்று அன்றைக்கு என் மனைவியிடம் சொன்னேன். அதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஒரு நாற்காலி. பழைய மூட்டுகளில் இருப்பது வச்சிரம். தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. ஈரமும் சூடும் பட்டால் இளகும். ஒரு கால் முறிந்தால் கழற்றி, மாற்றி, மறுபடி ஒட்டலாம். நான் அந்த நாற்காலியின் பெயிண்ட் ஒரே நாளில் உரிய வேண்டும் என்று காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பெயிண்டோடு வச்சிரமும் போய், கால்கள் தனித்தனியே கழன்று, மரம் கறுத்துவிட்டது. அவசரத்தில் ஃபெவிகாலை வழிய வழிய ஊற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இனி யாராவது அதைப் பழுதுபார்க்க வேண்டுமென்றால் முதலில் உடைக்க வேண்டும்.

பிறகு வந்தது வெள்ளை மோகம். ஆனி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 1990-ல் ‘சாக் பெயிண்ட்’ என்று ஒரு வண்ணத்தைக் கொண்டுவந்தார். முன்தயாரிப்பு அதிகம் இல்லாமல் நேராகப் பூசலாம், பளபளப்பின்றி மங்கலாக நிற்கும். பூசிய பிறகு ஓரங்களைச் சுரண்டிவிட்டுப் பல தலைமுறை புழங்கிய தோற்றம் வரவைப்பது அந்தப் பாணியின் அழகு. மலிவான மரத்தில் செய்த சாமானுக்கு அது பொருந்தும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நான் எமல்ஷனில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து அதற்கு ஒரு போலியை வீட்டிலேயே தயார்செய்து, ஒரு தேக்குப் பீரோவில் பூசினேன். நிஜமாகவே பழையதாக இருந்த பீரோவின் பாலிஷைச் சுரண்டிப் புதிதாக்கி, வெள்ளை பூசி, அது பழையதாகத் தெரிய வேண்டும் என்று மறுபடி ஓரம் சுரண்டியிருக்கிறேன். இதிலுள்ள கிறுக்குத்தனம் அப்போது துளியும் உறைக்கவில்லை.

தேக்கில் இயல்பிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. பூச்சு லேசில் பிடிக்காது. மரத்தின் சாயமும் வெள்ளைக்குள் மஞ்சளாகக் கசிந்து ஏறும். அடியில் ஓர் அரக்குப் பூச்சு இருந்தால் அந்தக் கசிவை நிறுத்தியிருக்கும். நான் சுரண்டி எறிந்த பழைய பாலிஷ் அரக்குதான். ஐப்பசி மழையில் வெள்ளை செதில் செதிலாக எழும்பியது. அதற்குள் பீரோவை விற்றுவிட்டிருந்தேன். “நூறு வருஷத்துப் பர்மாத் தேக்கு” என்று சொல்லி விற்றேன். தேக்கு என்பது மட்டும் எனக்குத் தெரியும், மிச்சத்தை நானே சேர்த்தேன். வாங்கிய அம்மா தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, “உங்க வீட்டுச் சுவர்ல ஈரம் இருக்கும்மா” என்றேன். அவருக்குப் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இதெல்லாம் மரத்துக்குச் செய்தது. ஒரு தொட்டில் விஷயம் இருக்கிறது. அதை எழுதத்தான் கை வராமல் இத்தனை நேரம் பெட்டியையும் பீரோவையும் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொட்டிலில் எனாமல் பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தது. மேலே பச்சை, அதற்கடியில் மஞ்சள், அதற்கும் அடியில் சிவப்பு. பழைய எனாமலில், அதிலும் இந்த நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது. தூள் தரையில் படியும்; தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவுதான் ஆபத்தில்லாத அளவு என்று அதற்கு ஒரு வரம்பு கிடையாது.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். படித்திருந்தேன். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தால் நாளாகும், பொங்கலுக்குள் படம் போட வேண்டும். ஹாலிலேயே உட்கார்ந்து மிஷினை ஓட்டினேன். தங்கை மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் குழந்தை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. தூளைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினேன். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கினால் பறக்கும் என்பதும் தெரியும். மாலையில் குழந்தை அதே தரையில் தவழ்ந்தது.

அவளிடம் இதைச் சொல்ல எனக்குப் பல மாதம் ஆயிற்று. சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. “மாமா, தெரிஞ்சேதான் பண்ணீங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். கவலைப்படும்படி இல்லை என்று முடிவு வந்தது. அதற்குப் பிறகு அவள் குழந்தையை என் வீட்டுக்கு அழைத்து வருவதில்லை. நியாயம்தான்.

மிஷினை விற்றுவிட்டேன். அதனால் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போன வாரம்கூட ஒரு வீட்டுத் திண்ணையில் பிரம்பு கிழிந்த சாய்வு நாற்காலியைப் பார்த்ததும் கை பரபரத்தது. மனதுக்குள் அதற்கு நீல வண்ணம் அடித்து முடித்து, படத்தை எந்தக் கோணத்தில் எடுப்பது என்றும் தீர்மானித்துவிட்டேன்.

உங்கள் பரணில் பழைய பெட்டியோ மணையோ கிடந்தால், முதலில் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். எழுத்து, முத்திரை, கீறல் எது இருந்தாலும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். உலர்ந்த துணியால் துடையுங்கள், கரையான் இருக்கிறதா பாருங்கள், மூட்டு ஆடினால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். பழைய பெயிண்ட் இருந்தால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தேய்க்காதீர்கள். நான் வந்து எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் என்னிடம் கொடுத்துவிடாதீர்கள்.