நாய்க்கு டியூஷன்

"நாய்க்கு டியூஷனா?" என்று அப்பா கேட்டார். என் கையில் ரசீது இருந்தது. நாய்ப் பயிற்சி கிளப் ஒன்றின் ஓராண்டு உறுப்பினர் கட்டணம் 150 வெள்ளி. எட்டு வார அடிப்படை வகுப்புக்கு 400 வெள்ளி. நீளக் கயிறும் தின்பண்டமும் 90. மொத்தம் 640 வெள்ளி. "உன்னைய எஸ்.பி.எம். டியூஷனுக்கு அனுப்புனப்பகூட நான் இவ்ளோ கட்டல" என்றார். உண்மைதான்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர். நிபோங் திபாலில் இருக்கும் யு.எஸ்.எம். பொறியியல் வளாகத்தில் படித்தவள். எதற்கும் கணக்குப் போட்டுப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. ஒரு வருடம் கழித்து இந்த 640 வெள்ளிக்கும் போட்டுப் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால் 2015க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியிருப்பதாக அறிவிப்பு வந்தது. பெர்லிஸ், கெடா, பினாங்கு என்று வடக்கே மூன்று மாநிலங்களும் பட்டியலில் இருந்தன. தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு முடிவெடுத்தது. விலங்கு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், கூட்டம் போட்டார்கள், தடுப்பூசி போடுங்கள் என்றார்கள். எங்கள் தாமானில் எல்லோரும் கேட்டைச் சாத்தி வைத்திருந்தார்கள். கழுத்துப் பட்டை இல்லாமல் ரோட்டில் நிற்கிற நாயை அந்த நேரத்தில் யாரும் வீட்டு நாய் என்று நினைக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் அப்போது புளாக்கி இருந்தது. பட்டை கழன்று நாலு நாள் ஆகியிருந்தது, புதிது வாங்கவில்லை. நான் யுனிவர்சிட்டியில் சேர்ந்த புதிது, வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா மோட்டாரை உள்ளே தள்ளக் கேட்டைத் திறந்தார். புளாக்கி அவர் காலுக்கு இடையில் புகுந்து வெளியே ஓடியது.

"புளாக்கி, வாடா!" என்றார் அப்பா. அது நின்றது. திரும்பிப் பார்த்தது. வாலைக்கூட ஆட்டியது. அப்பா இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, "வாடா இங்க!" என்றார். அது காதை மடக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனது. பிறகு திரும்பி ஓடியது. அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. நாங்கள் ஜெலுத்தோங் முழுக்கத் தேடினோம். எஸ்.பி.சி.ஏ.வில் போய்க் கேட்டோம். புளாக்கிக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏழு வருடம் நாயும் வளர்க்கவில்லை. பிறகு மைலோ வந்தது. ஐந்து மாதக் குட்டி, பழுப்பு நிறம், பெற்றோர் தெரியாத கலப்பு. கொண்டு வந்த மறுநாளே கயிற்றை இழுத்து என்னை வாய்க்காலில் தள்ளப் பார்த்தது. அப்போதுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறவர் மணிக்கு 150 வெள்ளி என்றார். ஒரு மாதம் நாயை வைத்திருந்து பழக்கித் திருப்பித் தரும் இடத்தில் 2,000க்கு மேல் சொன்னார்கள். கிளப்தான் மலிவு.

அப்பாவின் கோபம் காசு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை என்று பிறகுதான் புரிந்தது. அவர் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே மேனேஜர் பங்களாவில் ஓர் அல்சேஷன் இருந்ததாம். 'சிட்' என்றால் உட்காரும், 'ஸ்டே' என்றால் அசையாது. "தொர வீட்டு நாய்க்கு இங்கிலீஷ் தெரியும். எங்களுக்குத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். லயத்து நாய்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. கல் எடுத்தால் ஓட வேண்டும், சோறு போட்டால் வர வேண்டும், அவ்வளவுதான் பாடம். நாய்க்குப் பயிற்சி என்பது அவருக்குப் பங்களாக்காரர்களின் சமாச்சாரம்.

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. நாய்ப் பயிற்சியை முறையாக எழுதி வைத்த முன்னோடிகளில் ஒருவர் கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானிய போலீஸ் அதிகாரி. புத்தகம் வந்தது 1910இல். கட்டளை, சங்கிலி, இழுப்பு, எல்லாம் பட்டாளத்து முறை. சாதாரண வீட்டு நாய்க்கான போட்டியாக அதை அமெரிக்காவில் தொடங்கியவர் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர். அவர் வளர்த்தது பூடில். அதை அலங்கார பொம்மை என்று கேலி செய்தவர்களுக்கு மூளையுள்ள நாய் என்று காட்ட 1933இல் நியூயார்க் அருகே எட்டு நாய்களை வைத்து ஒரு போட்டி நடத்தினார். 1936இல் அமெரிக்கன் கெனல் கிளப் அதற்கு விதிமுறை வகுத்து ஏற்றுக்கொண்டது. ஆக, தோட்டத்து பங்களாவும் நியூயார்க் பங்களாவும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரமும் புல்வெளியும் இருந்தவர்கள் ஆரம்பித்த விளையாட்டு.

அதை மாற்றியவர்களில் எனக்குப் பிடித்தவர் கேரன் பிரையர். அவர் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பின் கழுத்தில் சங்கிலி போட முடியாது, அடிக்கப் போனால் நீந்திப் போய்விடும். அதற்குப் பிடித்ததைக் கொடுத்துத்தான் வேலை வாங்க முடியும். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய புத்தகம் 1984இல் வந்தது. நாய்க்காரர்கள் அதைப் படித்து மெல்ல மெல்லச் சங்கிலியைக் கீழே வைத்தார்கள்.

எங்கள் வகுப்பு ஞாயிறு காலை, தீவின் வடகரையில் ஒரு வாடகைத் திடலில். பன்னிரண்டு நாய்கள். பயிற்சி தருபவர் ஓய்வு பெற்ற சீன அங்கிள். முதல் நாள் அவர் நாய்களைத் தொடவே இல்லை. எங்களைத்தான் நிற்க வைத்துப் பேசினார். "உங்க நாய்க்கு இங்கிலீஷும் தெரியாது, ஹொக்கியனும் தெரியாது. எந்த பாஷையில வேணும்னாலும் கூப்பிடுங்க. ஆனா ஒரே வார்த்தையா இருக்கணும். எவ்வளவு லேட்டா வந்தாலும், என்ன பண்ணிட்டு வந்தாலும், உங்ககிட்ட வந்த நாயை அடிக்காதீங்க, திட்டாதீங்க. பத்து நிமிஷம் முன்னாடி செருப்பைக் கடிச்சது அதுக்கு ஞாபகம் இருக்காது. உங்ககிட்ட வந்தேன், அடி வாங்குனேன். அதுதான் மனசுல நிக்கும்."

நான் மைலோவின் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். புளாக்கி நின்று, திரும்பிப் பார்த்து, பின்னால் போன அந்த இரண்டடி எனக்கு ஞாபகம் வந்தது. அது எப்போதெல்லாம் வெளியே ஓடியதோ, அப்பா கூப்பிடுவார், வரும், வந்ததும் ரோத்தானால் இரண்டு வைப்பார். இனி ஓடக்கூடாது என்பதற்காகத்தான் அடித்தார். அது கற்றுக்கொண்டது வேறு.

இப்போது கணக்கு. யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது கிளப் எதற்கு? எங்கள் வேலையில் சொல்வதுபோல, லேப்பில் பாஸாகி ஃபீல்டில் தோற்கிற பொருள் தோற்ற பொருள்தான். மைலோ எங்கள் ஹாலில் 'உட்காரு' என்றால் உட்காரும். திடலில், பதினொரு நாய்களுக்கு நடுவில், என் குரலே அதற்குக் கேட்கவில்லை. நாய் ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குத் தானாக எடுத்துப் போகாது, ஒவ்வோர் இடத்திலும் திரும்பப் பழக்க வேண்டும். மைலோவுக்கு வயது வேறு தாண்டியிருந்தது. மற்ற நாய்களோடும் மனிதர்களோடும் எளிதாகப் பழகும் காலம் ஏறத்தாழ மூன்றிலிருந்து பன்னிரண்டு வாரம்தான் என்று ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965லேயே எழுதிவிட்டார்கள். நான் கட்டிய காசு அந்தப் பதினொரு நாய்களுக்கு. எந்த வீடியோவும் அதைத் தராது.

வகுப்புக் கட்டணம் 400ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 50 வெள்ளி. கொஞ்சம் அதிகம்தான். ஆனால் உறுப்பினர்கள் வருடம் முழுக்க ஞாயிறு பயிற்சிக்கு வரலாம். நான் நாற்பது ஞாயிறு போனேன். 150ஐ நாற்பதால் வகுத்தால் தடவைக்கு நாலு வெள்ளிகூட இல்லை. இங்கே ஒரு தட்டு சார் குவே தியாவ் அந்த விலைக்குக் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால் பெரும்பாலானவர்கள் விலை அதிகமான பாதியை முடித்துவிட்டு, மலிவான பாதியை விட்டுவிடுகிறார்கள். எட்டாவது வாரம் சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்துக்கொண்ட பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் இன்னும் வருகிறோம். சான்றிதழுக்கும் டீ சர்ட்டுக்கும் என் கணக்கில் மதிப்பு பூஜ்யம். மேல்நிலை வகுப்பும் தேவைப்படவில்லை. மைலோ வேலி தாண்டப் போவதில்லை, போட்டிக்கும் போகாது. கூப்பிட்டால் வர வேண்டும், அது போதும்.

காசு இல்லாதவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அங்கிள் முதல் நாள் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த நாயை அடிக்காதீர்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

அதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் தயங்கினேன். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில், புளாக்கி பெயரை எடுக்காமல், வகுப்பில் சொன்னதாக மட்டும் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எழுந்து கை கழுவினார். டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"அப்போ அன்னிக்கு அது பயந்துதான் வரலையாம்மா?"

"தெரியலப்பா" என்றேன். பொய் இல்லை. ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக் காரணம் சொல்ல முடியாது என்பது என் தொழில் கற்றுத் தந்தது. ஆனால் நான் என்ன நினைக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு காரில் வந்து ஏறிக்கொண்டார். திடலுக்கு வெளியே வேலியைப் பிடித்தபடி நின்றார். மூன்றாவது ஞாயிறு உள்ளே வந்தார். அங்கிள் நீளக் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். மைலோ தூரத்தில் ஒரு நாயின் பின்புறத்தை மோந்துகொண்டிருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாடா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அது நின்று பார்த்தது. அப்பாவும் நானும் மூச்சு விடவில்லை. பிறகு ஓடி வந்தது. அப்பா சட்டைப்பையிலிருந்து மேரி பிஸ்கட்டை எடுத்தார். வகுப்பில் சொன்ன தின்பண்டம் அது இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடப் புதுப்பிப்புக்கு 150 வெள்ளியை அப்பா கட்டிவிட்டார். "காசு ஜாஸ்திதான்" என்று இன்னும் சொல்கிறார். பாரத்தில் உறுப்பினர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதியிருந்தார்.