கடலுக்கே கருவாடு!

மாலத்தீவு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நீலக் கடல், தண்ணீர் மேல் குடிசை, தேனிலவு ஜோடி... ஆபீஸ் நண்பர்களும் அதையேதான் நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஐயா, நான் போனது மீன் சாப்பிட. அதுவும் தனியாக! தங்கியது மாலே நகரத்தில், கல்லூரித் தோழன் ஒருத்தனின் பத்துக்குப் பத்து அறையில். என்னோடு பி.காம். படித்தவன். அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான்.

தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 600 கிலோமீட்டர் என்றால், மாலேக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

காலையில் டீக்கடையில் 'மஸ் ஹுனி'. வேகவைத்த சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கையாலேயே பிசைகிறார்கள். கூட 'ரொஷி'. பார்த்தால் நம்ம சப்பாத்திக்குச் சித்தப்பா பையன் மாதிரி இருக்கும். நம்ம ஊரில் சூரைக்கு மரியாதை கிடையாது. வஞ்சிரம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் வாங்குகிற மீன் என்று ஒரு கெட்ட பெயர். அங்கே அதுதான் ராஜா!

மத்தியானம் 'கருதியா'. சூரைத் துண்டுகளை உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நுரையை எடுத்துவிட்ட தெளிந்த சாறு. புளி இல்லை, மசாலா இல்லை. சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயைக் கடித்துக்கொண்டால் ஆயிற்று. நாம் பழைய மீனைக் குழம்பில் ஒளித்து வைத்துவிடலாம். இதில் நடக்காது. ஒரு வாய் வைத்தாலே மீன் எப்போது பிடிபட்டது என்று நாக்கு சொல்லிவிடும்.

பிடிக்கிற விதமும் அப்படி. சூரைக்கு வலை போட அங்கே சட்டம் இடம் தராது. படகின் அடியில் கடல் நீர் தேக்கி, பொடி மீன்களை உயிரோடு கொண்டுபோகிறார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசி, தண்ணீரையும் பீய்ச்சியடிப்பார்கள். கீழே பெரிய விருந்து என்று நினைத்து சூரை பாய்ந்து வரும். முள் இல்லாத தூண்டிலில் கவ்வியதும் ஒரே சுண்டு! தலைக்கு மேலே பறந்து, பின்னால் தளத்தில் 'தொப்'. ஒரு தூண்டில், ஒரு மீன். வடக்குக் கரை மார்க்கெட்டில் வந்து இறங்கும்போது உடம்பு கண்ணாடி மாதிரி பளபளக்கிறது.

1340களில் அங்கே காஜியாக இருந்த இபின் பதூதா, இந்த மீனும் தேங்காயும் ஆண்களுக்குத் தரும் 'சக்தி' பற்றி ரொம்பவே புகழ்ந்து எழுதியிருக்கிறார். மேல் விவரம் வேண்டும் என்கிற கல்யாணமானவர்கள் நூலகத்துக்குப் போகவும்.

கிளம்புவதற்கு முன்னால் தூத்துக்குடியில் நண்பனின் அம்மா என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார்கள். "அங்க போயி என்னத்தத் திங்கானோ... கொஞ்சம் மாசி இடிச்சிருக்கேன். குடுத்துருய்யா."

மாசி! சூரையை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரி காயவைக்கிற அந்தச் சங்கதிக்கு ஆங்கிலத்தில் பெயரே 'மால்டிவ் ஃபிஷ்'. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நண்பன் விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மடித்து அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தான். ஊருக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. தங்கச்சி கல்யாணக் கடன் முடிய இன்னும் ஒரு வருஷம். மார்க்கெட் நாலு தெரு தள்ளித்தான். அங்கே மாசி மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அன்றைக்கு ராத்திரி மட்டும் அந்தப் பொட்டலத்திலிருந்து ரெண்டு ஸ்பூன் எடுத்துச் சோற்றில் போட்டுக்கொண்டான். எனக்கு அரை ஸ்பூன்தான் கொடுத்தான், படுபாவி!

சாப்பிடும்போது ஊரிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டான்.

"அங்கன நல்ல மீனு ஏதும் கெடைக்காய்யா?"

"இங்க ஏதும்மா மீனு... நீ குடுத்துவிட்டதத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"பாத்தியா, நான் அப்பமே நெனச்சேன்!" அம்மா குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் வாயைத் திறக்கவில்லை. நடுவில் தட்டில் கிடந்த முழுச் சூரை எங்கள் ரெண்டு பேரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.