மலைநீரும் கடல்நீரும் கூடும் பழவேற்காடு

திருஞானசம்பந்தப் பெருமான் திருக்காளத்திக்கு எழுந்தருளியபோது, வடதிசைத் தலங்களை அங்கிருந்தபடியே நினைந்து பாடித் தொழுதார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பின்னாளில் சுந்தரரும் காளத்தியில் நின்றே திருக்கேதாரத்தைப் பாடினார். பனிமலை ஏற உடல் இடங்கொடாத முதியோருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறு உண்டோ?

அந்தக் கேதாரத்தில் ஆலயத்துக்கு மேலே, பனி உருகிய நீரும் மழைநீரும் தேங்கி நின்ற சோராபாரி என்னும் ஏரி இருந்தது. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948-இல் அங்கே கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்றும் அதற்குப் பெயர். 2013 ஜூன் 17 அன்று காலை, பெருமழை தாங்காமல் அதன் கரை உடைந்தது. ஆலயத்தின் பின்புறம் வந்து நின்ற ஒரு பெரும்பாறை வெள்ளத்தை இருபுறமும் பிரித்துவிட, சந்நிதி தப்பியது. சுற்றிலும் இருந்த ஊர் அழிந்தது. யாத்திரிகர் பல தலைமுறைகளாகக் கண்டு வணங்கிய ஏரி, அன்றே வற்றிப்போயிற்று.

மலை நிலைத்திருக்கிறது; ஏரி அப்படியன்று. இந்த உண்மையைக் காண இமயம் வரை செல்ல வேண்டியதில்லை. சம்பந்தர் நின்று பாடிய காளத்திக்குத் தெற்கே, நாகலாபுரம் மலைகளை ஒட்டிய பகுதியில் தோன்றும் ஆரணியாறு, கடலோரத்தில் ஓர் ஏரியைச் சென்று சேர்கிறது. ஆற்றின் வழியெங்கும் திருத்தலங்கள், முடிவில் பழவேற்காடு. சென்னை அன்பர்கள் இரண்டு நாள் ஒதுக்கினால், மலையடி தொடங்கிக் கடல் முகம் வரை இந்த ஆற்றோடு செல்லலாம்.

நாகலாபுரத்தில் வேதநாராயணப் பெருமாள் மீன் உருவில், மச்ச அவதாரமாகக் காட்சி தருகிறார். அசுரன் கவர்ந்து சென்று கடலில் மறைத்த வேதங்களை மீட்ட திருக்கோலம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் இது. கோயில் மேற்கு நோக்கியது. பங்குனியில் சில நாள் மட்டும், மாலைச் சூரியனின் கதிர் நெடுந்தொலைவு கடந்து பெருமாளின் திருமேனியைத் தீண்டுகிறது. மீனாக வந்த பெருமாள் மலையடியில் இருக்கிறார். அவர் அருகே பிறக்கும் ஆறு மீனவர்களின் ஏரியில் போய்ச் சேர்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்ல மனம் வருவதில்லை.

அடுத்தது சுருட்டப்பள்ளி, ஆந்திர எல்லையில், ஊத்துக்கோட்டைக்கு அருகே, ஆரணியாற்றங்கரையில் உள்ளது. பிற தலங்களில் லிங்க வடிவிலும், சில இடங்களில் நடராசத் திருக்கோலத்திலும் வணங்கப்படும் ஈசன், இங்கே பள்ளிகொண்டிருக்கிறார். பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை உண்டபின் அயர்ச்சி மேலிட, அம்பிகையின் மடியில் தலைசாய்த்துச் சயனித்தார் என்பது தலவரலாறு. பிரதோஷ நாளில் கூட்டம் மிகுதி. நெடுநேரம் நிற்க இயலாதவர்கள் வேறு நாளில் செல்வது நலம். வரிசையில் அவசரமின்றி நின்றால்தான், சூழ்ந்து நிற்கும் தேவர்களும் முனிவர்களும் கண்ணில் படுவார்கள். நஞ்சை ஏற்றவர் இளைப்பாறுகிறார். உலகமே ஓசையின்றிக் காத்திருக்கிறது. அந்த அமைதியைச் சந்நிதியில் உணராதவர் அரிது.

ஆலயத்துக்கு வெளியே உள்ள ஆறு, ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணல். கங்கைக்குக் கோடையிலும் பனி உருகி நீர் வரும். ஆரணியாற்றுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் வேறு வரவு இல்லை. அந்த மழையும் பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் தங்கி, மிகுந்தது மட்டுமே கீழே வருகிறது. சில ஆண்டுகளில் மணல் நனைவதோடு சரி. வேறு சில ஆண்டுகளில் திறந்துவிடப்பட்ட நீர் கரைபுரண்டு ஊர்களைச் சூழ்கிறது.

பெரியபாளையம் பவானி அம்மனை அறியாத குடும்பம் வடதமிழகத்தில் குறைவு. ஆடி, ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வண்டியாக வந்து இறங்கி, வேப்பிலை ஆடை உடுத்திக் கோயிலை வலம் வரும் நேர்த்திக்கடன் இன்றும் குறையவில்லை. அந்த வேப்பிலை மண்ணோடு மண்ணாகிவிடும். அதனோடு ஆற்று மணலில் விட்டுச் செல்லப்படும் நெகிழிப் பைகளும் பழந்துணிகளும் அப்படி மறைவதில்லை. முதல் வெள்ளம் வரும்போது அவை அனைத்தும் பழவேற்காட்டுக்குத்தான் செல்கின்றன. அம்மனுக்குப் பொங்கலிட்ட கையால் அந்த ஒரு பையைத் திரும்ப எடுத்துச் செல்வது பெரிய பாரமாகாது.

பொன்னேரியில் ஆற்றங்கரைத் தலங்கள் இரண்டு: அகத்தீசுவரர் ஆலயமும், திருவாயர்பாடி கரிகிருஷ்ணப் பெருமாள் ஆலயமும். சித்திரைப் பெருவிழாவில் ஈசனும் பெருமாளும் வீதியில் எதிரெதிரே எழுந்தருளிச் சந்திக்கும் ஹரிஹர சந்திப்பு இவ்வூருக்கே உரிய சிறப்பு. அந்த வீதிக்கே ஹரிஹரன் கடைவீதி என்றுதான் பெயர். இரு சமயத்தாரும் ஒரே இடத்தில் கைகுவிக்கும் அந்தப் பொழுதைக் காணச் சுற்றுவட்டாரமே திரண்டு வருகிறது.

பொன்னேரிக்குக் கிழக்கே சாலை தாழ்ந்து செல்லச் செல்லக் காற்றில் உப்பு வாசனை ஏறுகிறது. பழவேற்காடு ஊரில் முதலில் காணவேண்டியது ஆதிநாராயணப் பெருமாள் கோயில், விஜயநகர காலத்தது. கடற்கரை நாட்டுக்கு உரிய செம்புரைக்கல் கட்டடத்தில், இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. உப்புக்காற்று அவற்றைத் தின்றுவருகிறது. பார்வை மங்கியவர்கள் பேரக்குழந்தைகளை உடன் அழைத்துச் சென்று காட்டச் சொல்லலாம். 1613-இல் எழுந்த டச்சுக்காரர்களின் ஜெல்டிரியா கோட்டை இன்று மேடாகிவிட்டது. அவர்களின் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காத்துவருகிறது.

பிறகு ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல் தீவு நீண்டு கிடக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் நீரில் பெரும்பங்கு பனியாய் உறைந்திருந்தது. கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்தப் பனி உருகிக் கடல் உயர்ந்து இன்றைய நிலைக்கு வந்தபின் கரையோரத்தில் உருவான ஏரிகளில் இதுவும் ஒன்று. அவ்வகையில் பழவேற்காடும் பனியின் பிள்ளைதான்.

இவ்வளவு பரந்த நீருக்கு ஆழமோ மிகக் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு கூட இல்லை. மழைக்காலத்தில் ஆற்றுமுகத்தில் நீர் ஏறக்குறைய நன்னீராகிறது. கோடையில் கடலைவிடவும் உவர்ப்பாகிவிடுவதுண்டு. இரண்டும் மாறி மாறி வருவதால்தான் இறாலும் நண்டும் மடவையும் இங்கே வாழ்கின்றன. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, வளர்ந்தபின் கடலுக்கே திரும்புகின்றன. ஐப்பசி முதல் மாசி வரை பூநாரைகள் ஆழமற்ற சேற்றுநீரில் அணிவகுத்து, அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி இரை வடிகட்டுகின்றன. 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; ஆகவே படகேறும் ஆசையை விட்டு, பாலத்திலும் கரையிலும் நின்று காண்பதே முதியோருக்கு ஏற்றது. காலைப் பொழுது நல்லது.

ஏரியில் மீன்பிடிக்க மீனவருக்குள் ‘பாடு’ என்னும் முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் வழிவழியாக இருந்துவரும் ஒழுங்கு இது. இருளர் குலப் பெண்கள் வலையே இல்லாமல், நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் எடுக்கிறார்கள். பற்களால் கவ்விய ஓலைப்பறியில் அதைச் சேர்க்கிறார்கள். நீர் வற்றினால் முதலில் பசிப்பது இவர்கள் வீட்டு அடுப்புத்தான்.

ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் கிடக்கும் மணல்தீவு காட்டுப்பள்ளி. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகு ஒரு காலத்தில் இக்கால்வாய் வழியே படகில் சென்னைக்குச் சென்றது. 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இங்கே தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளிக்கும் திறனுடையது. சென்னையில் பலர் வீட்டு அபிஷேகக் குடத்திலும் இந்தத் தீவின் கடல் இருக்கக்கூடும். அடுத்துத் துறைமுகமும் வந்தது. கரையைக் கடல் அரிக்கிறது, வலைக்கு இடம் சுருங்குகிறது என்பது குப்பத்து மக்களின் முறையீடு. நகரத்துக்கு நீரும் சரக்கும் வேண்டும். அவர்களுக்கோ இந்தக் கரையைத் தவிர வேறு நிலம் இல்லை.

அவர்கள் நாள்தோறும் நோக்கியிருப்பது முகத்துவாரத்தை. கடல் ஓயாமல் மணலைக் கொணர்ந்து அந்த வாயிலை அடைக்கிறது. ஆற்றுவெள்ளம் வலிமையோடு வந்தால் மணலைத் தானே உடைத்துக்கொண்டு கடலில் சேரும். வெள்ளம் பொய்த்த ஆண்டுகளில் ஏரி உள்ளேயே கிடந்து காய்கிறது. வாயில் நிலைத்திருக்க அண்மை ஆண்டுகளில் அரசு கற்சுவர் எழுப்பும் பணியை மேற்கொண்டது. அதற்கு முன்பெல்லாம் குப்பத்து ஆடவர் மண்வெட்டியோடு கூடி, கங்கையம்மனை வேண்டிக்கொண்டு, மணல்திட்டின் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டுவார்கள். முதலில் விரல் அளவு நீர்தான் கசியும். சற்று நேரத்தில் இரு பக்கத்து மணலும் சரிய, வாய்க்கால் ஆள் அகலமாகும். அடுத்த ஏற்றத்தில் கடல் உள்ளே வரும்.