அண்ணன் போனும் தங்கை போனும்

எங்கள் வீட்டில் இரண்டு ஸ்மார்ட்போன் வாங்கிய கதையைச் சொன்னால், "அட, நம்ம வீட்டிலும் இதேதான்!" என்பீர்கள். மூத்தவன் பிளஸ் டூ முடித்த மறுவாரமே அவன் அப்பா கடைக்கு அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்துப் பெண்ணின் முறை வந்தபோது ஒரு மாநாடே நடந்தது. "பொம்பளைப் பிள்ளைக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார் மாமியார். "உன் போனையே ரெண்டு பேரும் வச்சுக்குங்களேன்" என்றார் அவர். நான் விடவில்லை. "அவனுக்குப் படிப்பு என்றால் இவளுக்கும் படிப்புதானே?" என்று கேட்டு, சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்தேன்.

போன் இரண்டும் ஒரே மாதிரிதான். ஆனால் புழங்குகிற விதம் இருக்கிறதே, அது வேறு! அவனுக்குக் கிரிக்கெட் ஸ்கோர், கேம், ரீல்ஸ். டீ குடித்தாலும் ஜிபே. தெரியாத ஊருக்கும் மேப்பைப் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவான். இவளுக்கு வகுப்பு நோட்ஸ், தோழிகளோடு வாய்ஸ் மெசேஜ், பிளவுஸ் டிசைன். புது நம்பர் என்றால் எடுக்கவே மாட்டாள். வாட்ஸ்அப்பில் அவன் பைக் மேல் சாய்ந்து நிற்கிறான். இவள் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ!

"ஏண்டி, உன் முகத்துக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"எங்க கிளாஸ்ல பாதிப் பேர் பூ, இல்லேன்னா சாமி படம்தாம்மா. போட்டோவை எடுத்து யாராவது ஏதாவது பண்ணிட்டா?" என்றாள்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், இன்டர்நெட்டை ஒரு தடவையாவது உபயோகித்தவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 57 பேர், பெண்களில் 33 பேர்தான். கிராமத்துப் பிள்ளைகளிடம் 2023-ல் நடந்த ஏசர் ஆய்வையும் பாருங்கள். 14 முதல் 18 வயதுக்குள், ஸ்மார்ட்போன் உபயோகிக்கத் தெரிந்தவர்களில், சொந்தப் போன் வைத்திருந்த பையன்கள் நூற்றுக்கு 44 பேர். பெண்கள் 20 பேர். போனில் சில வேலைகளைச் செய்து காட்டச் சொன்னபோதும் பையன்களே முந்தினார்கள். இதில் என்ன அதிசயம்? அண்ணன் தூங்கின பிறகு அரை மணி நேரம் கையில் கிடைக்கிற பொருளில் எவ்வளவுதான் பழக முடியும்?

எங்கள் பக்கத்துத் தெருவில் நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி. எவனோ நம்பரைத் தெரிந்துகொண்டு ராத்திரி ராத்திரி கண்டபடி மெசேஜ் அனுப்பியிருக்கிறான். ஒரு மாசம் வாயே திறக்கவில்லை. சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப் போனாள். என் பெண் துருவிக் கேட்டபோது, "வீட்ல சொன்னா முதல்ல போனைப் பிடுங்குவாங்க, அப்புறம் படிப்பை நிறுத்துவாங்க" என்று அழுதாளாம். நான் போய் அவள் அம்மாவிடம் பக்குவமாகப் பேசினேன். போலீஸில் புகார் கொடுத்தார்கள்; மெசேஜ் நின்றது. படிப்பும் தொடர்கிறது.

இதே தொல்லை ஒரு பையனுக்கு வந்தால், படிப்பு போய்விடும் என்று பயப்படுவானா? தப்பு செய்தவன் எங்கேயோ இருக்க, தண்டனை நம் பெண்ணுக்கு என்றால் அவள் எப்படி வாய் திறப்பாள்?

பையன் போனையோ யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போடவேண்டி வந்ததே! ஆகவே கட்டுப்பாடு என்றால் இருவருக்கும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு எல்லாப் போனும் ஹால் அலமாரிக்கு வந்துவிடும், அவருடையது உட்பட!

பதினெட்டு முடிந்த பெண்ணுக்கு சிம் கார்டு அவள் பேரிலேயே இருக்கட்டும். அவள் பாங்குக் கணக்கிலும் அந்த நம்பரையே கொடுங்கள், ஓ.டி.பி. அண்ணன் போனுக்குப் போகவேண்டாம். மேப் பார்க்கவும் பணம் அனுப்பவும் அண்ணனையே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். மோசமான மெசேஜ் வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவேண்டும். பெண்களுக்கு உதவி எண் 181. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930.

எல்லாவற்றுக்கும் மேலாக, "எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்" என்று உங்கள் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள், சகோதரிகளே!