திருவழகை நாடுதல்

அழகைக் கண்டு மகிழாதார் உலகில் இலர். மலையும் கடலும், மலரும் மதியமும் கற்றாரையும் கல்லாரையும் ஒருங்கே ஈர்ப்பன. ஆயின், இவற்றின் அழகு நாம் தேடாமலே கண்முன் வந்து நிற்கும். இவற்றைப் படைத்த இறைவனது அழகோ, மனமார நாடினார்க்கே இனிது விளங்கும். அதனை ஆராதனையிலும் திருமறையிலும் எங்ஙனம் நாடுவது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தாவீதின் பெயரால் வழங்கும் 27-ஆம் சங்கீதம் இப்பொருளில் நமக்கு வழிகாட்டியாகும். 14 வசனங்களேயுடைய அப்பாட்டு, கவலையற்ற ஒருவர் ஓய்ந்திருந்து பாடியதன்று. பகைவர் சூழ்ந்துளர், பொய்ச்சான்று கூறுவோர் எழும்பியுளர், பெற்றோரும் கைவிடக்கூடும் என்னும் எண்ணம் உள்ளத்தே தோன்றுகின்றது. அந்நிலையில் அவர் எல்லாவற்றிற்கும் மேலாக வேண்டுவது படையன்று, பொருளன்று. ஆலயத்தில் தங்கி இறைவனது அழகைக் காண்டலும், அங்கே ஆராய்தலுமாகிய அப்பேறே.

நம் தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்து ‘மகிமை’ என்று பெயர்க்கப்பெற்றுள்ள எபிரெயச் சொல், இனிமை, அழகு என்னும் பொருள்களையுடையது. ரூத்தின் மாமியாராகிய நகோமியின் பெயரும் அவ்வேரினின்று பிறந்ததே. கணவனையும் மக்கள் இருவரையும் இழந்து பெத்லகேமுக்கு மீண்ட அவ்வம்மையார், இனிமை குறித்த அப்பெயரை விலக்கி, கசப்பெனப் பொருள்படும் மாராள் என்றே தம்மை அழைக்கக் கூறினர். ஆயினும், பின்னர் அவர் மடியில் ஓபேத் என்னும் குழந்தை வளர்ந்தது. அவ்வோபேத்தின் பேரனே தாவீது. கசப்பையறிந்த குடியில் தோன்றியவர் பெயராலேயே இறைவனது இனிமையை நாடும் இப்பாட்டு வழங்குதல் எண்ணி மகிழற்பாலது.

சங்கீதக்காரர் காண்டலோடு அமையாது ஆராய்தலையும் விரும்பினார் என்பதனைக் கல்லூரியிற் பயில்வார் சிறப்பாக உளங்கொள்ளல் வேண்டும். ஓர் இலையின் நரம்பை உருப்பெருக்கியில் வைத்து நெடுநேரம் நோக்கும் மாணவர், ஆலயத்தில் அமர்ந்த அரைமணியையும் நாளைய தேர்வையும் மாலை விளையாட்டையும் எண்ணிக் கழிப்பாராயின், அவருடைய கால் ஆலயம் புகுந்ததேயன்றிக் கருத்துப் புகுந்ததில்லை. பழக்கமே இங்குப் பெரும்பகை. நாடோறும் கேட்கும் சொல்லைக் காது விரைவில் கேளாதொழியும்.

இதற்கு மருந்து யாது? கீர்த்தனை பாடுங்கால் பல்லவியைக் கவனித்தல் ஒன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த இசைமரபில், ஒவ்வொரு சரணத்திற்குப் பின்னும் பல்லவி மீண்டும் வரும். சொல் அதுவே, ஆயினும், இடையில் வந்த சரணம் அதற்குப் புதுப்பொருள் ஊட்டியிருக்கும். ஆராதனையில் நாம் திரும்பத் திரும்பக் கூறும் ஜெபங்களும் அத்தகையனவே. சென்ற வாரத்தின் இன்பதுன்பங்களைச் சரணமாகக் கொண்டு அவற்றைக் கூறுவார்க்கு, அவை பழையனவாகா.

திருமறையை விரையாது ஓதுதல் மற்றொன்று. 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும், எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டிற்கும் எழுத்துக்கு எட்டாக, அவ்வவ்வெழுத்தே முதலாக அமைந்துள்ளன. ஆத்திசூடி பயின்ற நமக்கு இம்முறை புதிதன்று. இறைவாக்கின்மேல் வைத்த காதலை அந்நெடும்பாட்டினர் எழுத்தெழுத்தாக எண்ணிக் கோத்தனர். அங்ஙனம் கோத்ததனை ஒரே மூச்சில் வாசித்து முடித்தல் முறையாகுமோ? நாளொன்றுக்கு எட்டு வசனமாக ஓதின் இருபத்திரண்டு நாளில் முற்றுப்பெறும்.

இன்னும் ஒன்று கூறல் வேண்டும். ஏசாயா 53-ஆம் அதிகாரத்திற் காணும் துன்புறும் தாசனிடத்தே, கண்ணைக் கவரும் வடிவொன்றும் இல்லை. அவரையே கிறிஸ்துவென்று திருச்சபை கண்டு வணங்குகின்றது. ஆதலின் நாம் நாடும் அழகு ஒளியும் இசையும் மட்டுமன்று. பிறர்க்காகத் தன்னை ஈந்த அன்பின் அழகுமாகும். அதனைச் சிலுவையிற் காணப் பழகிய கண், நோயாளியின் படுக்கையருகிலும் ஏழையின் குடிசையிலும் அதனை அடையாளங் கண்டுகொள்ளும்.

மாணவ நண்பர்காள்! கல்லூரியை விட்டு நீங்கியபின் நகோமிக்கு வந்தன போன்ற நாள்கள் நம்மில் யார்க்கும் வரலாம். அந்நாளில் அழகைத் தேடப் புதிதாகக் கற்றல் அரிது. ஓய்வும் ஆலயமும் அருகிலுள்ள இந்நாளிலேயே அதனைக் கற்போமாக.