பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மோட்சம் உண்டா?

பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்குத் தெரிகிறதோ இல்லையோ நாலு பக்கம் நிரப்பிவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் எட்டு வயசுப் பிள்ளை கேட்ட ஒற்றை வரிக் கேள்வியில் முழித்துக்கொண்டு நின்ற கதை இது.

அக்கா மகள் புதுநன்மை வாங்கத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பு. கையில் நோட்டும் வாயில் கேள்வியுமாகத்தான் வீட்டுக்கு வருவாள். "இவ்ளோ சின்ன அப்பத்துல சேசு எப்படி சித்தி இருப்பாரு?" "காவல் சம்மனசு நாம தூங்கும்போது தூங்குமா?" இதற்கெல்லாம் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம்.

மாட்டிக்கொண்டது நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று. தாத்தா கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ வைத்து, எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். இவள் மட்டும் ஒன்றை ஏற்றாமல் கையிலேயே வைத்திருந்தாள். ஏன் என்றதற்கு, "இது பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. அவங்க கல்லறை எங்க?" என்றாள்.

அந்தப் பாட்டி ஆவணியில்தான் இறந்துபோனார். தகனம் செய்து சாம்பலைக் காவிரியில் கரைத்தார்கள். அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள். "ஞானஸ்நானம் வாங்காதவங்க மோட்சத்துக்குப் போக முடியாதாமே, கிளாஸ்ல ஒரு பையன் சொன்னான். அப்ப பாட்டி எங்க இருக்காங்க?"

"கல்லறைக்கு வந்து கேக்குற கேள்வியா இது" என்று அம்மா அதட்டினார். நானும் "பெரியவளானதும் புரியும்" என்று தப்பித்துக்கொண்டேன். அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் அவள் வாயை மூடினால் ஏதோ பெரிசாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டி மடியில் வளர்ந்த பிள்ளை அவள். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கும் கேக்கும் போகும். தீபாவளிக்கு அங்கிருந்து அதிரசம் வரும். இந்த வருஷம் துக்க வீடு என்பதால் வரவில்லை.

ராத்திரி என்னால் தூங்க முடியவில்லை. அவள் மதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, பாட்டியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, திருச்சபை என்னதான் சொல்கிறது என்று தேடிப் படித்தேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் இதற்கு நேரான பதிலே இருக்கிறது. தம் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதவர்கள், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ்ந்தால் அவர்களும் மீட்படையலாம் என்கிறது. 1965 அக்டோபர் 28-ல் வந்த இன்னொரு ஏடு இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மற்ற சமயங்களில் இருக்கும் உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. இத்தனை வருஷமாகியும் இது ஒரு எட்டு வயசுப் பிள்ளையின் காதுக்கு வந்து சேரவில்லை. அந்தப் பையன் சொன்னதுதான் முதலில் வந்து சேர்ந்திருக்கிறது!

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ஊரிலேயே முன்சீப்பாக இருந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அவர் கத்தோலிக்கர். 1878-லேயே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்று பெயர் வைத்துப் பாட்டுப் புத்தகம் போட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் பசித்தவர்களுக்குச் சோறு போட்டதைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டாகவே பாடியிருக்கிறார்.

இதையெல்லாம் எட்டு வயசுக்கு எப்படிச் சொல்வது? மறுநாள் அவளுக்குத் தெரிந்த கதையில் ஆரம்பித்தேன். ஐப்பசி முழுக்கத் துலாக் கட்டத்தில் காவிரி முழுக்கு. கடைசி நாள் கடைமுழுக்கு. அதற்கும் வந்து சேர முடியாத ஒரு முடவன் அழுதானாம், அவனுக்காகச் சிவபெருமான் ஒரு நாள் கூட்டிக் கொடுத்தாராம். அதனால்தான் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. இதை அவளுக்குச் சொன்னதே பாட்டிதான்.

"நம்ம பைபிள்லயும் இது மாதிரி ஒண்ணு இருக்குடி" என்றேன். மத்தேயு 20-ல் வரும் திராட்சைத் தோட்டக் கதை. காலையிலிருந்து வேலை செய்தவனுக்கும் சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் முதலாளி ஒரே கூலி கொடுக்கிறார். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவரோ, நான் தாராளமாகக் கொடுத்தால் உனக்கென்ன வருத்தம் என்று கேட்கிறார். "பாட்டி எங்க இருக்காங்கன்னு போய்ப் பாத்துட்டு வந்து சொல்ல என்னால முடியாது. ஆனா சேசு அவங்கள வெளியில நிறுத்தமாட்டாருன்னு நான் நம்புறேன்."

"பாட்டி முட்டிவலிக்கு வேளாங்கண்ணி மாதா எண்ணெய்தான தேய்ப்பாங்க, அதுவும் கணக்குல வரும்ல?" என்றாள். வரும் என்றேன். (யார் கணக்கில் என்று கேட்காமல் விட்டாளே!)

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது. "அப்ப எனக்கு மட்டும் எதுக்கு ஞானஸ்நானம் குடுத்தீங்க?"

நியாயமான கேள்விதான். பெரிய பெரிய வேதசாஸ்திரிகளே மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. "அது மோட்சத்துக்கு டிக்கெட் இல்லடி. நீ இந்த வீட்டுப் பிள்ளைன்னு பேர் வைக்கிற மாதிரி. அதுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தா சோறு போடாம அனுப்பிடுவோமா? பாட்டி உனக்குப் போடலையா?" என்றேன். முழுசாக ஒப்புக்கொண்டாளா தெரியாது. "சாமியார்கிட்டயும் கேக்குறேன்" என்று போய்விட்டாள். கேட்கட்டும்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவள் விசுவாசம் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. "பெரியவளானதும் புரியும்" என்றபோதுதான் வாடிப்போனாள்.

அன்று சாயங்காலம் அந்த மெழுகுவர்த்தியை இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதில்மேல் ஏற்றி வைத்தாள். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கை வைத்து மறைத்துக்கொண்டார்.